நிதானக் கட்சி போன வழி: ஓசூர் முதல் அரூர் வரை

ஜூன் 14 – ஓசூர், தொரப்பள்ளி

ஓசூரில் ஜூன் மாதக் காலைக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊசிச் சாரல், எதிர்க்காற்று. பஸ் ஸ்டாண்டு எதிரே தட்டு இட்லி இரண்டு, கெட்டிச் சட்னியோடு 50 ரூபாய். நாம் சொல்வது தமிழில், சர்வர் அதை உள்ளே சொல்வது கன்னடத்தில், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் போனில் பேசுவது தெலுங்கில். சாப்பிடுகிற யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மிதவாதிகளுக்கு ஒரு காலத்தில் 'நிதானக் கட்சி' என்று பெயர்; அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். மிதவாதம் என்பதற்கு இந்த ஊரில் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஹோட்டல் நடத்தவே அது வேண்டும்.

தொரப்பள்ளிக்கு டவுன் பஸ் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்றார்கள். ஆட்டோ 250 கேட்டு 200-க்கு வந்தது. வழியெல்லாம் ரோஜாப்பூக் கூடாரங்கள். ராஜாஜி 1878 டிசம்பர் 10-இல் பிறந்த வீடு இங்கே நினைவு இல்லம். பெரிய வாழ்க்கைக்குச் சின்ன வீடு.

மிதவாதி என்றால் மென்மையாகப் பேசுபவர் என்று ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு ஒன்றைக் கொடுத்து, தன் தரப்புக்கு ஒன்றை வாங்கி, அந்தக் கணக்கைத் தன் ஆட்களிடமே ஒப்புக்கொள்ள வைக்கத் தெரிந்தவர்தான் மிதவாதி. மூன்றாவது வேலைதான் கழுத்தை நெரிக்கும். 1942 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களை வைத்து ஒரு தீர்மானம் போட்டார். முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்போம், சேர்ந்து தேசிய அரசு அமைப்போம் என்பது சாரம். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை 120-க்கு 15 என்று தள்ளியது. அவர் கட்சியை விட்டு வெளியே வந்தார். 1944-இல் அதே யோசனைதான் 'சி.ஆர். திட்டம்' ஆகி, காந்தி–ஜின்னா பேச்சுக்கு அடிப்படையானது. பேச்சு முறிந்தது. 1947-இல் பிரிவினையே வந்தது. பேரம் பேசக் கையில் சரக்கு இருந்த நேரத்தில் பேச விடவில்லை, பேச விட்டபோது சரக்கு தீர்ந்துபோயிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. டெல்லியில் மிதவாதியாக இருந்த அதே மனிதர், இந்தியைப் பள்ளியில் கட்டாயமாக்கியபோதும், 1953-இல் அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோதும் இங்கே மிதவாதி இல்லை. இந்தி எதிர்ப்பில் சிறை போன நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரோடு வெளியே வரவில்லை. 1954-இல் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது. ஆட்டோக்காரர் ஒரே வரியில் முடித்தார்: "பெரிய மனுசன்தான் சார். ஆனா எங்க தாத்தா அவர் பேரைச் சொன்னாலே துப்புவாரு."

திரும்பும்போது கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணை நுரை தள்ளிக்கொண்டு போனது. பெங்களூருக் கழிவு. நாற்றத்துக்கு மாநில எல்லை கிடையாது.

ஜூன் 14, மாலை – ஜுஜுவாடி

தமிழ்நாட்டின் கடைசி நிறுத்தம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் அத்திப்பள்ளி. காவிரிப் பிரச்சினை சூடாகும் நாளில் பஸ் இங்கேயே நின்றுவிடும். பையைத் தலையில் வைத்து நடந்து எல்லை தாண்டி, அங்கே வேறு பஸ் பிடிக்க வேண்டும். டீக்கடைக்காரருக்கு அது நல்ல வியாபார நாள். அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். டீ 12 ரூபாய், பந்த் அன்றும் 12 ரூபாய்தானாம்.

1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள்மேல் பாய்ந்த கலவரமும், 2016 செப்டம்பர் 12 அன்று ஒரு பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததும் இந்த ரோட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எல்லையை மூட எத்தனை பேர் வேண்டும் என்று லாரிக்காரர்களைக் கேட்டால் கணக்கு சரியாக வரும். ரோட்டில் உட்கார முப்பது பேர், ஒரு டயர், இரண்டு கேமரா. திறந்து வைக்க எத்தனை பேர் வேண்டும்? தினம் கடக்கிற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பூ வியாபாரிகள், மாணவர்கள் எல்லாரும் வேண்டும். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, கொடி கிடையாது, அவர்களைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. நடுவில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது பொய். அன்று லீவு போட்டு ரோட்டுக்கு வர அவர்களால் முடியாது.

ஜூன் 15 – கிருஷ்ணகிரி

மாங்காய் நாற்றமும் மணமும் கலந்த ஊர். சாப்பிடும் பழம் கிலோ 60, 80 என்று ரோட்டோரம் அடுக்கி இருக்கிறது. ஆனால் ஊரை ஆட்டுவது பெங்களூரா என்கிற மூக்கு மாங்காய். மாங்கூழ் ஆலைக்குப் போகும் சரக்கு. இந்த வாரம் கிலோ 5, 6 ரூபாய் என்று விவசாயிகள் வாயில் வருகிறது. பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் மிச்சம் என்ன என்று சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

மிதவாதிகள் எப்படித் தேய்கிறார்கள் என்று யாராவது பார்க்க விரும்பினால் சட்டசபைக்குப் போக வேண்டாம், மாங்காய் சீசனில் இந்த ஊருக்கு வரலாம். சீசன் தொடங்கும்போது கலெக்டர் ஆபீஸில் முத்தரப்புக் கூட்டம். விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள். விவசாயி தரப்பில் பேசப் போகிறவர் பெரும்பாலும் வயதானவர், பொறுமைசாலி, கணக்குத் தெரிந்தவர். உரம் இவ்வளவு, மருந்து இவ்வளவு, பறிகூலி இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவார். ஒரு விலை பேசி முடியும். அந்த விலைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. கூட்டத்தில் தலையாட்டிய ஆலை, கேட்டில் டோக்கன் கொடுத்து வண்டியை நிறுத்தி வைக்கும். முதல் நாள் போனால் லாரிக்கு நிறுத்த வாடகை. இரண்டாம் நாள் போனால் எடை குறையும், மேலடுக்குப் பழம் கறுக்கும். மூன்றாம் நாள் "கழிவு போக இவ்வளவுதான்" என்று சொன்னால் வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆலைக்காரரைக் கேட்டால் அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. போன வருடக் கூழ் டிரம் டிரம்மாகத் தேங்கியிருக்கிறது, வெளிநாட்டு ஆர்டர் வரவில்லை.

இதில் பெயர் கெடுவது யாருக்கு? ஆலைக்கு இல்லை, கலெக்டருக்கு இல்லை. கூட்டத்துக்குப் போய் விலை பேசி வந்த அந்தப் பெரியவருக்கு. "என்னத்த வாங்கிட்டு வந்தீங்க?" என்று ஒரு கேள்வி போதும். அடுத்த சீசனில் "ரோட்டில் கொட்டுவோம், தேசிய நெடுஞ்சாலையை மறிப்போம்" என்கிறவர் பின்னால் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. பேச்சுவார்த்தை என்ற பொருளை ஒரு தடவை வாங்கிப் பார்த்து, வேலை செய்யாததால் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரி மெஸ்ஸில் கேழ்வரகுக் களி ஒரு உருண்டை, கருவாட்டுக் குழம்பு, 70 ரூபாய். எதிரே உட்கார்ந்தவர் பெயின்டர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வேலைக்கு வருகிறவர். களியைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து, "விழுங்கணும் அண்ணே, மென்டால் ஒட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார். அவரே பழகிக்கொள்ள நாளானதாம்.

மாங்காய்க் கதையின் பெரிய வடிவம் அவர் ஊரில்தான் நடந்தது. 1957-இல் இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் உட்கார, பண்டாரநாயக்கா அதை ரத்து செய்தார். 1965-இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று. அதுவும் நிறைவேறவில்லை. 1977-இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் பிடித்து நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியானது. 1983 கலவரம் முடிந்த கையோடு ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய் என்றது. செய்யாமல் நாற்காலியை இழந்தார்கள். செய்திருந்தால் ஊரை இழந்திருப்பார்கள். அரசு ஒரு பக்கம் கதவைச் சாத்த, இயக்கம் மறுபக்கம் துப்பாக்கி எடுத்தது. கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் 1989 ஜூலையில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசியல் தீர்வுத் திட்டம் எழுத உதவிய நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையில் கொல்லப்பட்டார். இரண்டு பக்கத்துத் தீவிரமும் ஒன்றையொன்று எதிர்த்தாலும், நடுவில் நின்றவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில் மட்டும் ஒத்துழைத்தன. பெயின்டரிடம் இதெல்லாம் பேசவில்லை. அவர் மறுநாள் ஏழு மணிக்குச் சாரம் ஏற வேண்டும்.

ஜூன் 16 – பாப்பாரப்பட்டி

பாலக்கோடு வழியாக வந்த பஸ் பாதியில் டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம். கண்டக்டர் யாரிடமும் எரிந்து விழவில்லை, பயணிகளும் அவரைத் திட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் தக்காளிக் கூடையிலிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். உப்பு இல்லாமல் தின்ற தக்காளி நன்றாகத்தான் இருந்தது.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம், பக்கத்தில் பாரத மாதா நினைவாலயம். வத்தலக்குண்டில் பிறந்து, வ.உ.சி.யோடு தூத்துக்குடியில் மேடை ஏறி, 1908 மார்ச் 12-இல் கைதாகி, சிறையில் தொழுநோய் வாங்கி, கடைசியில் 1925 ஜூலை 23-இல் இந்த ஊரில் இறந்தார். வயது 40.

இன்று 'தீவிரவாதி' என்றால் துப்பாக்கி. 1907-இல் அந்தச் சொல் சிவா, வ.உ.சி., திலகர் இவர்களுக்கு. அன்றைய தமிழ்ப் பத்திரிகையில் 'புதிய கட்சி' என்பார்கள். எதிரே கோகலே, பெரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி இவர்கள் 'நிதானக் கட்சி'. நிதானம் என்ற சொல் நம் ஊரில் வசவாக மாறிய முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். 1907 டிசம்பர் சூரத் காங்கிரஸில் யார் தலைவர் என்று தகராறு. திலகர் மேடையேறிப் பேசியே தீருவேன் என்று நிற்க, கூட்டத்திலிருந்து வந்த செருப்பு பானர்ஜியைத் தட்டி மேத்தாமேல் விழுந்தது. பிறகு நாற்காலி. வ.உ.சி.யும் பாரதியும் அங்கே போயிருந்தார்கள்.

செருப்பு வீச்சைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நிதானக் கட்சி சாகவில்லை அன்று, ஜெயித்தது. காங்கிரஸ் அவர்கள் கையில் இருந்தது. புதிய கட்சியை அரசாங்கமே அடுத்த வருடம் சிறைக்கு அனுப்பிவிட்டது. திலகருக்கு ஆறு வருடம் மாண்டலே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் என்று தீர்ப்பு. எதிராளி இல்லாத மைதானம். கேட்டதை வாங்கிக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது. அரசாங்கம் கொடுத்தது 1909 சட்டம். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள், தனித்தனி வாக்காளர் பட்டியல், விவாதிக்கலாம் ஆனால் முடிவு செய்ய முடியாத மன்றங்கள். 1915-இல் கோகலேயும் மேத்தாவும் போய்ச் சேர்ந்தார்கள். 1916-இல் லக்னோவில் புதிய கட்சிக்காரர்கள் திரும்ப உள்ளே வந்தார்கள். 1918-இல் நிதானக்காரர்கள் வெளியே போய்த் தனிக்கட்சி கண்டார்கள்.

கடைசி அடியை அடித்தவர் திலகர் இல்லை, காந்தியும் இல்லை. 1919-இல் ரௌலட் சட்டம் வந்தபோது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி மன்றத்தில் எழுந்து எதிர்த்தார். அதிகாரிகள் அல்லாத இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எண்ணிக்கையை வைத்து அரசாங்கம் அதை நிறைவேற்றிக்கொண்டது. நல்ல ஆங்கிலத்தில், சட்டப்படி, மரியாதையாகப் பேசினால் என்ன கிடைக்கும் என்று நாட்டுக்கே அரசாங்கம் விளக்கிவிட்டது. அடுத்த மாதம் ஜாலியன்வாலாபாக்.

இந்த ஊருக்கும் அதற்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிவா கனவு கண்ட பாரத மாதா கோயிலுக்கு 1923-இல் இங்கே அடிக்கல் நாட்டியவர் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். அதே வருடம் அவருடைய சுயராஜ்யக் கட்சி வங்காளத் தேர்தலில் இறங்கியது. சூரத்தில் செருப்படி பட்ட சுரேந்திரநாத் பானர்ஜி, அப்போது மந்திரி. சுயராஜ்யக் கட்சி ஆதரவோடு நின்ற பிதான் சந்திர ராய் என்ற இளம் டாக்டரிடம் தோற்றுப்போனார். நிதானக் கட்சிக்குக் குழி தோண்டின வருடமும் இந்தக் கல்லை நட்ட வருடமும் ஒன்று.

மழை விடாமல் பெய்ததால் நினைவிடத்து வராண்டாவிலேயே ஒன்றரை மணி நேரம். ஒரு பள்ளிக்கூடப் பையன் வேகவைத்த கடலை 20 ரூபாய்க்கு விற்றுக்கொண்டு, "சிவா யாருன்னு தெரியுமா சார்?" என்று பரீட்சை வைத்தான். பதில் சொன்னதும் ஒரு கை கூடுதலாகப் போட்டான்.

ஜூன் 17 – ஒகேனக்கல்

நீர்வரத்து கூடிவிட்டது, பரிசலுக்குத் தடை. பென்னாகரத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் இறங்கியிருக்கலாம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் அம்மாக்கள் மட்டும் பரபரப்பாக இருந்தார்கள். கட்லா ஒரு கிலோ, குழம்பு பாதி வறுவல் பாதி. மசாலாவில் காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அக்கரை கர்நாடகம். இங்கே இருந்து கூப்பிட்டால் கேட்கும்.

இந்த ஆறுதான் 2008-இல் பற்றி எரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், குடித்தவர்களுக்குப் பல் கறுத்து எலும்பு வளையும். ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நட்டார்கள். கர்நாடகத்தில் தேர்தல் நெருங்கிய நேரம். அங்கத்திய பா.ஜ.க. தலைவர் எடியூரப்பா நேரிலேயே இங்கே வந்து பார்த்து எதிர்ப்புச் சொன்னார். பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடும் தியேட்டர்களைத் தாக்கினார்கள். சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம். அந்தச் சூட்டில் முதலமைச்சர் கருணாநிதி, கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புது அரசு வரும்வரை திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். எதிர்க்கட்சிகள் சரணாகதி என்றார்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கே கோபம்.

இரண்டு மாதம் போனது. தேர்தல் முடிந்தது. அந்தப் பக்கத்தில் கத்துவதற்குக் காரணம் தீர்ந்தது. சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு நடந்து, 2013-இல் தண்ணீர் குழாயில் வந்தது. திறந்து வைத்தது வேறு கட்சி ஆட்சி. பின்வாங்கிய முடிவு சரியாகப் போன அபூர்வமான கேஸ். ஆனால் அதற்கு யாரும் ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. நடக்காமல் போன கலவரத்துக்குப் போஸ்டர் ஒட்ட முடியாதே. மீன் சமைத்த அம்மாவிடம், குழாய்த் தண்ணீர் வருகிறதா என்றால், "வருது, வராத நாள்ல கேன் வாங்குறோம்" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 18 – தருமபுரி

தேய்பிறை அஷ்டமி என்பது தெரியாமல் அதியமான்கோட்டைப் பக்கம் போனதற்குத் தண்டனை, இரண்டு கிலோமீட்டர் வண்டி வரிசை. காலபைரவருக்குப் பூசணிக்காயில் விளக்கேற்ற வந்த கூட்டம். பூசணி ஒன்று 50 ரூபாய், பேரம் கிடையாது. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போன மண் இது. சண்டையைத் தள்ளிப்போடப் போன பெண்ணைப் பாடத்தில் வைத்திருக்கிறோம், நல்லதுதான்.

இலக்கியம்பட்டி இங்கே இருந்து தூரமில்லை. 2000 பிப்ரவரி 2, தங்கள் தலைவி ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டதற்காகக் கட்சிக்காரர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். மூவருக்குத் தூக்கு என்று தீர்ப்பாகி, 2016-இல் ஆயுளாகக் குறைந்து, 2018-இல் விடுதலையானார்கள். விசுவாசத்தை யார் பெரிதாகக் காட்டுவது என்று போட்டி வந்தால் நிதானமானவனுக்கு அங்கே வேலை இல்லை. வண்டி நிற்காமல் கடந்து போனது.

நாயக்கன்கொட்டாய். நக்சல்பாரி இயக்கத்தின் அப்பு, பாலன் நினைவாகச் சிலைகள் நிற்கும் ஊர். இரட்டைக் குவளையை ஒழிக்க அந்த இயக்கம் இறங்கிய பகுதி. அதே பகுதியில்தான் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். அதற்கு முன் பஞ்சாயத்து நடந்தது. அதன் முடிவு, பெண்ணைத் திருப்பி அனுப்பு என்பது என்று அப்போது செய்திகள் சொல்லின. இதை நடுநிலை என்று எழுதுகிறவர்களோடு ஒத்துப்போக முடியாது. வயது வந்த இருவரின் உரிமையைப் பேரத்தில் வைத்துவிட்டு எட்டுகிற சமரசம், பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதாலேயே மிதவாதம் ஆகிவிடாது. 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட பஞ்சாயத்துத் தலையீடே சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு அருகே தட்டுவடை செட் 30 ரூபாய். அங்கே வருவாய்த்துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், திருவிழாத் தகராறுகளுக்கு எத்தனையோ அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தியவர். அவர் சொன்னது ஒரு பயிற்சி வகுப்புக்குச் சமம்.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் கூப்பிடுவார், இன்ஸ்பெக்டரும் இருப்பார். வி.ஏ.ஓ. மூலம் இரு தரப்புக்கும் கடிதம். முதல் தப்பு அங்கேயே நடக்கும். வருகிறவர்கள் ஊர்த் தலைவர்களான ஊர்க்கவுண்டர், மந்திரிக் கவுண்டர், அந்தப் பக்கம் காலனிப் பெரியவர். இருபது வருடத்துக்கு முன் இவர்கள் கையெழுத்துப் போட்டால் தெரு அடங்கும். இப்போது தெரு வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறது, அட்மினுக்கு வயது 22. கையெழுத்து காய்வதற்குள் "விலை போயிட்டாரு" என்று ஆடியோ சுற்றும். ஆகவே அட்மினையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவனையும் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். ஊர்க்கவுண்டருக்கு அது கௌரவக் குறைச்சல். "அவனுக்குத் தனியா ஒரு நாற்காலி, கொஞ்சம் பின்னாடி" என்று அதற்கும் வழி வைத்திருந்தார்.

இரண்டாவது தப்பு நடவடிக்கைக் குறிப்பில். "பழைய வழக்கப்படி ஊர்வலம் நடத்துவது" என்று எழுதுவார்கள். எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள், ஏனென்றால் பழைய வழக்கம் என்று ஆளுக்கு ஒன்று மனதில் இருக்கும். சாமி புறப்பட்ட பிறகு அது வெடிக்கும். "வழக்கம் என்ற சொல்லையே எழுத விடமாட்டேன் சார். ஆறு மணிக்குப் புறப்பாடு, ஏழேகாலுக்கு நிலை. மேற்குத் தெரு வழி. தாரை தப்பட்டை உண்டு, ஸ்பீக்கர் செட் இல்லை. கொடி வேண்டாம், யாருக்கும் வேண்டாம். இப்படி எழுதணும்." மூன்றாவது, கூட்டத்தைத் திருவிழாவுக்கு முந்தின நாள் வைப்பது. குறைந்தது பத்து நாள் இடைவெளி இருந்தால்தான் போனவர் திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் பேசிச் சரிக்கட்ட முடியும். அது இல்லாதபோது மிச்சம் இருப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 107, 144 என்று சொன்ன பிரிவுகள். இப்போது புதுச் சட்டத்தில் 126, 163. ஒன்று அமைதி காப்பதாக எழுதி வாங்கும் பிணைப் பத்திரம், மற்றது தடை உத்தரவு. "அதைப் போட்டா திருவிழா அமைதியா நடக்கும். அடுத்த வருஷம் பேச்சுக்கு யாரும் வரமாட்டான்."

எம்.எல்.ஏ.க்கள் வந்து சமாதானம் செய்வார்களா என்று கேட்டதற்கு, அவர் தட்டுவடையில் பீட்ரூட் உதிராமல் வாயில் போடும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "முன்னாடி வருவாங்க. இப்ப ரெண்டு பக்கமும் ஓட்டு இருந்தா வரமாட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் இருந்தா அந்தப் பக்கம் மட்டும் வருவாங்க." 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். விலைக்குப் போவதைத் தடுக்க வந்தது, நியாயமான நோக்கம். ஆனால் கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவி போகும் என்றான பிறகு, எதிர்க்கட்சி உறுப்பினரோடு சேர்ந்து ஒரு நடுவழி கண்டுபிடிப்பவருக்கு அவையில் கிடைப்பது ஒன்றுமில்லை. சீட்டும் தலைமை கையில். தொகுதியில் மிதமாக இருந்து என்ன லாபம்?

ஜூன் 19 – அரூர், வாச்சாத்தி

வெயில் திரும்பிவிட்டது. அரூரில் கம்மங்கூழ் சொம்பு 25 ரூபாய், மோர் மிளகாய் எத்தனை வேண்டுமானாலும். வாச்சாத்தி சித்தேரி மலையடிவாரம்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடல் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே வந்தார்கள். மக்களை ஆலமரத்தடியில் உட்காரவைத்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. மலைக்காட்டுக்குள் ஆயுதம் எடுக்க இதைவிடப் பெரிய காரணம் யாருக்கும் தேவையில்லை, அழைப்பு விடுக்க ஆட்களும் இந்த மாவட்டத்தில் இருந்தார்கள். ஊர் அந்த வழி போகவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மனுப் போட்டன. 1995-இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீடு. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் சொன்னது.

சட்டத்தின் வழியில் போனவர்கள் ஜெயித்தார்கள் என்று மேடையில் சொல்லலாம், பொய்யில்லை. சம்பவம் நடந்து 31 வருடம் 3 மாதம். அவ்வளவு காலம் ஒரு ஊரை ஒன்றாக உட்கார வைத்தவர்களைப் பற்றித்தான் புத்தகம் போட வேண்டும். சாட்சி சொல்ல வரிசையில் நின்றது, எதிர்த்தரப்பு வக்கீல் அசிங்கமாகக் கேட்டபோது வெளியே வராமல் நின்று பதில் சொன்னது, வாய்தா தள்ளிப்போனபின் மறுபடி கிளம்பியது. எத்தனை ஊர்களால் இது முடியும் என்று நம்பி ஒரு அரசியலைக் கட்ட முடியாது. மூன்று வருடத்தில் முடிந்திருக்க வேண்டியது.

ஆலமரத்தடியில் நாளைக்கு நினைவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆடு, ஒரு கட்டில். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கிருந்து என்றுகூடக் கேட்காமல், அரூர் பஸ் மூன்றே முக்காலுக்கு, அதை விட்டால் ஆறு மணிக்கு, வெயிலில் ரோட்டில் நிற்க வேண்டாம், சத்தம் கேட்டதும் நடந்தால் போதும் என்றார். பஸ் நாலரைக்கு வந்தது. அரூரிலிருந்து தருமபுரி கோர்ட் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நீட்டியதில் கண்டக்டர் சில்லறை இல்லை என்று பின்னால் எழுதிக் கொடுத்தார். இறங்கும்போது ஞாபகமாக அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.